ஒரே கோட்டில் கென்யாவும் ஈக்வடாரும்

ஜூலை மாதம் கென்யத் தலைநகரம் நைரோபிக்குப் போகிறவர் பெட்டியில் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்வது நல்லது. விடியற்காலையில் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். பகலில் 22 டிகிரியைத் தாண்டினால் அதிகம். பல நாள் வானம் மூடியே கிடக்கும். ஆனால் வரைபடத்தில் பார்த்தால் அந்த ஊர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஒன்றேகால் டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. ஈக்வடார் நாட்டின் தலைநகரம் கீட்டோ இன்னும் கிட்டத்தில், ரேகையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அங்கே எந்த மாதம் போனாலும் சராசரி வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். ராத்திரி கம்பளி வேண்டும்.

ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் ஒருநாள் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, "சித்தப்பா, பூமத்திய ரேகை போற இடமெல்லாம் காடுதானே இருக்கணும்? அமேசான் பச்சையா இருக்கு, காங்கோ பச்சையா இருக்கு, இந்தோனேசியாவும் பச்சை. கென்யா மட்டும் ஏன் பழுப்பா இருக்கு?" என்று கேட்டாள். பெரியவர்கள் பலர் கேட்காமல் விட்ட கேள்வி இது. வெப்பமண்டலம் என்றதும் கொளுத்தும் வெயில், நாள் தவறாத மழை, அடர்ந்த காடு என்று ஒரே படம்தான் மனதில் விழுகிறது. பெயரிலேயே 'வெப்பம்' இருப்பது பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அவளுக்குப் பதில் சொல்ல இந்த இரண்டு நாடுகளையும் எடுத்துக்கொண்டேன். ஒரே கோட்டில் இருக்கும் இரண்டை அருகருகே வைத்தால், கோடு எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிக்கவில்லை என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ஈக்வடார் தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடலோரம் இருக்கிறது. வடக்கே கொலம்பியா, கிழக்கிலும் தெற்கிலும் பெரு. கென்யா ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உலகம். கீட்டோவில் காலை 6 மணிக்குப் பொழுது விடியும்போது நைரோபியில் பிற்பகல் 2 மணி. கென்யாவின் பரப்பு சுமார் 5.8 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது நம் தமிழ்நாட்டைப்போல நான்கரை மடங்கு. ஈக்வடார் கென்யாவில் பாதிகூட வராது.

பெயர்களும் அழகாக அமைந்திருக்கின்றன. 'ஈக்வடார்' என்ற ஸ்பானியச் சொல்லுக்கே பூமத்திய ரேகை என்றுதான் பொருள். கென்யாவுக்குப் பெயர் கொடுத்தது உச்சியில் பனி படர்ந்த கென்யா மலை. ஒன்று கோட்டின் பெயரையும் மற்றது மலையின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. இந்தக் கட்டுரையில் பேசப்போவதும் ஏறக்குறைய அதே வரிசையில்தான்.

கோடு கொடுப்பது என்ன? வெளிச்சம். பூமத்திய ரேகை மேல் எல்லா நாளும் பகல் 12 மணி நேரத்தைச் சுற்றியே இருக்கும். ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் உதிக்கும், மறையும். கென்யாவில் பேசப்படும் ஸ்வாஹிலி மொழியில் மணி சொல்லும் முறையே இதை வைத்து உருவானதுதான். காலை 7 மணியை அவர்கள் 'சா மோஜா' என்பார்கள், ஒரு மணி என்று அர்த்தம். விடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்ற கணக்கு. நண்பகல் அவர்களுக்கு ஆறு மணி. நம் பாட்டிமார்களும் உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள். விடியும் நேரம் மாதத்துக்கு மாதம் வெகுவாக நகரும் லண்டனில் இப்படி ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

வெளிச்சம் மாறாததால் மாதத்துக்கு மாதம் வெப்பமும் அதிகம் மாறாது. சென்னையில் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நமக்குத் தெரியும். கீட்டோவில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் சராசரியில் ஒரு டிகிரி அளவே வேறுபாடு. ஆகவே இந்த நாடுகளில் பருவம் என்றால் மழை உண்டா இல்லையா என்பதுதான். ஈக்வடாரின் கடற்கரை நகரமான குவாயாகிலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆண்டிலேயே அதிகப் புழுக்கம், அதோடு மழை. அந்த மாதங்களை ஊர் மக்கள் 'இன்வியெர்னோ' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அது குளிர்காலம்! மழையற்ற, கொஞ்சம் இதமான ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களுக்கு 'வெரானோ', அதாவது கோடை என்று பெயர். ஸ்பெயினின் பல பகுதிகளில் குளிர்காலத்தில்தான் மழை. அங்கிருந்து வந்த சொல், இங்கே குளிரை உதறிவிட்டு மழையை மட்டும் வைத்துக்கொண்டது. கென்யர்கள் இன்னும் நேராகவே பேர் வைத்திருக்கிறார்கள். மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழை 'மசிகா'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் சிறுமழை 'வூலி'.

ஏன் ஆண்டுக்கு இரண்டு மழை? சூரியன் உச்சியில் காயும் இடத்தில் தரை சூடாகிறது, காற்று மேலே எழும்புகிறது, எழும்பிய காற்று குளிர்ந்து மேகமாகிறது. இப்படிப்பட்ட மேகப் பட்டை ஒன்று பூமியைச் சுற்றி இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்தால் பட்டையும் சற்றுப் பிந்தி வடக்கே நகரும், தெற்கே திரும்பினால் தெற்கே வரும். நடுக்கோட்டில் இருப்பவர்கள் தலைக்கு மேல் அது போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கடக்கும். நைரோபியில் ஏப்ரலிலும் நவம்பரிலும் மழை உச்சம் தொடுகிறது. கீட்டோவிலும் ஏறக்குறைய அதே இரண்டு உச்சங்கள்தான், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைந்த காலம். இரண்டு தலைநகரங்களின் மழைக் கணக்கையும் பெயரை மறைத்துக் காட்டினால் எது எந்த ஊர் என்று சட்டென்று சொல்வது கஷ்டம்.

கோடு செய்யும் வேலை இவ்வளவுதான். மற்றதெல்லாம் மலையும் கடலும் காற்றும் செய்கிற வேலை.

சரி, உயரத்துக்கு வருவோம். திறந்த வெளியில் ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,795 மீட்டர். கீட்டோ 2,850 மீட்டர். ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டா உச்சியில் நின்று நடுங்கியிருப்பார்கள். அந்த உச்சியின் உயரம் 2,637 மீட்டர். அதைவிட 200 மீட்டர் மேலே ஒரு தலைநகரம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. குவாயாகிலின் சராசரி சுமார் 26 டிகிரி. 6.5 கணக்கைப் போட்டால் கீட்டோவில் 8 டிகிரிகூட இருக்கக் கூடாது. உண்மையில் 15. கென்யக் கடற்கரை நகரமான மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குக் கணக்குப் போட்டாலும் இதே மாதிரி நான்கு டிகிரி இடிக்கும். காரணம், இவை ஒற்றை ஊசி முனையில் இருக்கும் ஊர்கள் அல்ல, அகன்ற மேட்டுநிலத்தின்மேல் இருப்பவை. வெயில் அந்த மேட்டுத் தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. மேடே ஒரு அடுப்பு மாதிரி வேலை செய்கிறது.

பூமத்திய ரேகையில் பனிமலை இருக்க முடியும் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒருகாலத்தில் நம்பவே இல்லை. 1849 டிசம்பரில் யோஹான் கிராப்ஃப் என்ற ஜெர்மானிய மதபோதகர் கென்யா மலையின் வெண்ணிற உச்சியைத் தொலைவிலிருந்து பார்த்து எழுதினார். ஆப்பிரிக்காவின் நடுவில் பனியா என்று புத்தகப் படிப்பாளிகள் அவரைத் தள்ளிவிட்டார்கள். 1883இல் ஜோசப் தாம்சன் என்ற ஆய்வுப் பயணி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்வரை அவர் பேச்சு எடுபடவில்லை. அந்த மலையைப் பார்த்தபடி வாழும் கிக்குயு, கம்பா மக்களுக்கு அது அன்றாடம் கண்ணில் படும் காட்சி. அவர்களைக் கேட்டிருந்தாலே போதுமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

கென்யா மலை 5,199 மீட்டர், ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோவுக்கு அடுத்தது. ஈக்வடாரில் அதைவிடப் பெரிய எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. கோட்டோபாக்சி 5,897 மீட்டர், கயாம்பே 5,790. கயாம்பேயின் தெற்குச் சரிவில் சுமார் 4,690 மீட்டர் உயரத்தில் பூமத்திய ரேகை கடந்து போகிறது. உலகத்தைச் சுற்றிவரும் அந்தக் கோடு பனியை மிதிக்கும் ஒரே இடம் அதுதான். எல்லாவற்றுக்கும் மூத்தவர் சிம்பராசோ, சுமார் 6,263 மீட்டர். பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டின் உச்சியைவிட சிம்பராசோவின் உச்சி சுமார் 2 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது. பூமி அப்படிப் புடைத்திருக்கிறதா என்ற சர்ச்சையைத் தீர்ப்பதற்காக, 1736இல் பிரெஞ்சு அறிஞர் குழு ஒன்று கீட்டோவுக்கு வந்து ஆண்டுக்கணக்கில் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்ததும் பொருத்தம்தான்.

சிம்பராசோவின் பனிக்கட்டியை வெட்டி விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. 'ஈயெலேரோ' என்று பெயர், நம் வழக்கில் ஐஸ்காரர். விடியலில் கழுதைகளோடு புறப்பட்டு, வழியில் மலைப்புல்லை அறுத்துக் கயிறாகத் திரித்துக்கொண்டு மேலே போவார்கள். ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் மண்ணுக்கடியில் இறுகிக் கிடக்கும் பனியைக் கடப்பாரையால் பாளம் பாளமாகப் பெயர்த்து, அதே புல்லால் மூடிக் கட்டி இறக்குவார்கள். வைக்கோலில் ஐஸ் பொதிந்து வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ரியோபாம்பா ஊர்ச் சந்தையில் அந்த ஐஸ் பழச்சாற்றில் விழும். பூமத்திய ரேகை நாட்டில், ஃப்ரிட்ஜ் இல்லாமல்.

மலை உச்சிகளின் பருவம் ஒரு தனிக் கதை. அங்கே பகலில் கோடை, இரவில் குளிர்காலம், தினமும். நண்பகலில் தோல் கருகும் வெயில், நள்ளிரவில் தண்ணீர் உறைந்துவிடும். கென்யா மலையில் சுமார் 4,000 மீட்டரில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஒரு செடி இருக்கிறது, ராட்சதச் செனேசியோ என்பார்கள். தடித்த தண்டு, உச்சியில் முட்டைக்கோஸ் மாதிரி ஒரு இலைக்கொத்து. மாலையானதும் இலைகள் மெல்ல உள்நோக்கி மூடி நடுக் குருத்தைப் போர்த்திக்கொள்ளும், காலையில் விரியும். காய்ந்த பழைய இலைகளை அது உதிர்ப்பதில்லை. தண்டைச் சுற்றி அப்படியே தொங்கவிட்டுச் சட்டை மாதிரி போட்டுக்கொள்கிறது. ஈக்வடாரின் வடக்கே எல் ஏஞ்செல் என்ற இடத்தில் இதே தோற்றத்தில் இன்னொரு செடி மந்தையாக நிற்கிறது. பெயர் 'ஃப்ரைலெகோன்'. இலை முழுவதும் வெல்வெட் மாதிரி ரோமம், தண்டில் அதே காய்ந்த இலைச் சட்டை. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் கிட்டத்து உறவு கிடையாது. பெருங்கடலுக்கு இருபுறமும் ஒரே மாதிரிக் குளிர், ஒரே மாதிரி வெயில், இரண்டு செடிகளும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டுபிடித்துவிட்டன. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு நாடுகளையும் சகோதரர்கள் என்றே சொல்வேன்.

அந்த மலைகள் எழுந்த விதத்தில் சகோதரத்துவம் இல்லை. ஈக்வடாரில் பசிபிக் கடலடித் தட்டு ஒன்று ஆண்டுக்கு சில சென்டிமீட்டர் வேகத்தில் தென் அமெரிக்காவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அந்த நெருக்கத்தில் எழுந்தது ஆண்டஸ். நாட்டை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிக்கும் சுவராக அது நிற்கிறது. அதே நெருக்கம்தான் 2016 ஏப்ரல் 16 அன்று 7.8 அளவு நிலநடுக்கமாக வெடித்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. கென்யாவில் நடப்பது நேரெதிர். அங்கே நிலம் இழுபட்டுப் பிளந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்கு சில மில்லிமீட்டர். கீழிருந்து வந்த வெப்பம் நிலத்தை அப்பளம்போல உப்பவைத்து, நடுவில் விரிசல் விட்டு, விரிசலின் தரை கீழே இறங்கிவிட்டது. அதுதான் பிளவுப் பள்ளத்தாக்கு. நைவாஷா, நகுரு, பொகோரியா, பரிங்கோ, துர்கானா என்று அதன் அடியில் ஏரிகள் கோத்தது போலக் கிடக்கின்றன. வெளியே வழி இல்லாத ஏரிகளில் தண்ணீர் ஆவியாகி உப்பும் சோடாவும் தங்கிவிட்டன. தெற்கே மகாடி ஏரியில் சோடா வெட்டி எடுக்கிறார்கள். நைவாஷாவும் பரிங்கோவும் மட்டும் நல்ல தண்ணீர். அவற்றின் தண்ணீர் நிலத்தடி வழியாகக் கசிந்து வெளியேறுவதால் உப்பு சேருவதில்லை. இந்த நைவாஷாவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

அப்புறம் அந்தப் பழுப்பு நிறக் கேள்வி. கென்யா நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் வறண்ட, பாதி வறண்ட பூமி. வடமேற்கே லோட்வார் என்ற ஊரில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழைதான். ஈக்வடாரில் ஆண்டஸின் கிழக்குச் சரிவில் இருக்கும் புயோவில் 4,000 மி.மீட்டருக்கும் மேல். சென்னைக்குச் சுமார் 1,400 என்று வைத்துக்கொண்டால் இரண்டின் அளவும் புரியும்.

புயோவுக்கு மழை வருவது எளிதில் விளங்கும். அட்லாண்டிக் கடலிலிருந்து கிழக்குக் காற்று ஈரத்தோடு கிளம்புகிறது. அமேசான் காடு முழுவதும் அதற்கு வழியில் மறுபடி மறுபடி ஈரம் ஊட்டுகிறது. மரங்கள் வேரால் உறிஞ்சி இலையால் மூச்சுவிடும் ஈரம் அது. கண்டத்தின் அந்தக் கோடியில் ஆண்டஸ் சுவர் மறிக்கிறது. காற்று மேலே ஏறித்தான் ஆகவேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும்.

கென்யாவுக்கும் கிழக்கே பெருங்கடல் இருக்கிறது, உள்ளே மலையும் இருக்கிறது. பின்னே ஏன் கொட்டவில்லை? காற்று வரும் திசையில்தான் விடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று வடக்கே வருகிறது. வந்தது கென்யாவுக்குள் நேரே நுழைவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் அதற்கு மேற்குப் பக்கம் அணை போட்டாற்போல நிற்க, காற்று கரையோரமாகவே வேகமெடுத்து, பூமத்திய ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து, சோமாலியாவைத் தொட்டு அரபிக்கடலுக்குள் பாய்ந்துவிடுகிறது. ஃபின்ட்லேட்டர் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் 1960களில் இந்தக் காற்றோட்டத்தை விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். அது எங்கே போய்ச் சேருகிறது? கேரளக் கரையில். நம் தென்மேற்குப் பருவமழை அதுதான். குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது என்று கேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறோமே, அந்தச் சாரலின் ஈரம் சில நாள்களுக்கு முன் கென்யக் கரையைத் தொடாத குறையாகக் கடந்து வந்ததாக இருக்கலாம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று திரும்பிவிடும். அப்போது அது அரேபியா, சோமாலியா பக்கமிருந்து காய்ந்து வருகிறது. ஆக, இரண்டு பெரிய பருவக்காற்றுகளும் கென்யாவின் உள்நாட்டை ஒதுக்கிவிட்டே போகின்றன. காற்று மாறும் இடைவேளைகளில், மேகப்பட்டை தலைக்கு மேல் கடக்கும்போதுதான் மசிகாவும் வூலியும். அந்த இடைவேளை தப்பினால் வேறு கதி கிடையாது. 2020 கடைசியில் தொடங்கி 2022 வரை அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் வடக்குக் கென்யாவிலும் சோமாலியா, எத்தியோப்பியாவிலும் பொய்த்தன. ஒட்டகமும் மாடும் ஆடுமாக வாழ்ந்த குடும்பங்கள் கண்முன்னே மந்தைகளை இழந்தன.

மழை தராத காற்று வேறு வழியில் உதவியிருக்கிறது. 1498 ஏப்ரலில் வாஸ்கோடகாமா இன்றைய கென்யாவிலுள்ள மாலிந்தி துறைமுகத்திலிருந்து கிளம்பி, மே 20 அளவில் கோழிக்கோட்டை அடைந்தார். ஒரு மாதத்துக்கும் குறைவு. அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே அரேபிய, குஜராத்தி, ஸ்வாஹிலி மாலுமிகளுக்கு இந்தக் காற்றின் போக்குவரத்து அத்துப்படி. இன்று வடக்கே துர்கானா ஏரிப் பக்கம், எத்தியோப்பிய மேட்டுக்கும் கென்ய மேட்டுக்கும் நடுவேயுள்ள சந்தில் பிதுங்கி வரும் காற்றை 365 காற்றாலைகள் பிடித்து 310 மெகாவாட் வரை மின்சாரமாக்குகின்றன.

கென்யா முழுவதும் வறட்சி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேற்கே விக்டோரியா ஏரி ஒரு குட்டிக் கடல். பகலில் ஏரிக்காற்று கரையேறி, கிழக்கிலிருந்து வரும் காற்றோடு மேட்டில் மோதும். அந்த மேட்டிலுள்ள கெரிச்சோ ஊரில் பிற்பகலானால் இடி, சில நாள் ஆலங்கட்டியும். அங்கேதான் கென்யாவின் தேயிலை. கருந்தேயிலை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடு கென்யா என்பதற்கு அந்தப் பிற்பகல் மழைதான் மூலதனம்.

அதேபோல ஈக்வடார் முழுவதும் ஈரமும் இல்லை. வடக்கே கொலம்பிய எல்லையோரக் கடற்கரையில் மழைக்காடு. தெற்கே நானூறு கிலோமீட்டர் இறங்கி சாண்டா எலெனா முனைக்கு வந்தால் கள்ளியும் முள்ளும். கடலை ஒட்டிய இடத்தில் எப்படிப் பாலை? தெற்கே பெருவின் கரையோரமாக வரும் குளிர் நீரோட்டம் காரணம். ஹம்போல்ட் நீரோட்டம் என்று பெயர். அடியில் தண்ணீர் குளிர்ந்திருந்தால் அதன்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கனத்துப் படுத்துவிடும், மேலே எழாது. எழாத காற்றில் மழை ஏது? மாதக்கணக்கில் மூடுபனியும் 'கரூவா' என்கிற பூந்தூறலும் மட்டும்தான். கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள கலாபகோஸ் தீவுகளில், இந்தக் குளிர்நீரும் ஆழத்திலிருந்து மேலே வரும் இன்னொரு குளிர் நீரோட்டமும் சேர்ந்து, பூமத்திய ரேகையிலேயே பென்குயின்களை வாழவைக்கின்றன.

இரண்டு நாடுகளும் ஒரே சமயத்தில் அடி வாங்கிய காலம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளில் பசிபிக்கின் கிழக்குப் பக்கம் குளிர்நீர் அடங்கி வெந்நீர் பரவும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அது தலைகாட்டுவதால் தென் அமெரிக்க மீனவர்கள் வைத்த பெயர் எல் நினோ, குழந்தை இயேசுவைக் குறிப்பது. 1997-98இல் அது மிக வலுவாக வந்தது. வெந்நீர் ஈக்வடார் கரையைத் தொட்டதும், படுத்திருந்த காற்று எழுந்து மழையாகக் கொட்டியது. சாலைகளும் பாலங்களும் போயின. அதே மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியும் வழக்கத்தைவிடச் சூடாகியிருந்தது. கென்யாவின் சிறுமழை பெருவெள்ளமாகி, பிப்ரவரி வரை நிற்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு உலகம் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள், ஒரே நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

இந்த நிலவியல் வீட்டு விளக்கு வரை வருகிறது. ஈக்வடாரின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஆண்டஸின் கிழக்குச் சரிவில் விழும் ஆறுகளிலிருந்து வருகிறது. 2024இல் அந்தப் பக்கம் மழை குறைந்தபோது நாளுக்கு 14 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மழை குறைந்த கென்யாவோ நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் ஒல்காரியாவில், பிளவின் அடியிலிருந்து எழும் நீராவியைக் குழாயில் பிடித்து 1981 முதல் மின்சாரம் எடுக்கிறது. இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பூமியின் சூட்டிலிருந்து வருகிறது.

நைவாஷா மறுபடி வந்துவிட்டது. அண்ணன் மகளுக்கு நான் கடைசியாகக் காட்டியது ஒரு ரோஜாவை. நைவாஷா ஏரிக்கரை சுமார் 1,890 மீட்டர், நல்ல தண்ணீர், பன்னிரண்டு மணி நேர வெயில், குளிர்ந்த இரவு. பிளாஸ்டிக் கூடாரங்களில் விளையும் ரோஜா, வெட்டிய கையோடு நைரோபி விமான நிலையம் போய், ஆம்ஸ்டர்டாம் அருகே ஏலத்துக்கு வந்துவிடும். ஈக்வடாரில் ரோஜா விளைவது கயாம்பே மலையின் அடிவாரத்தில், 2,800 மீட்டருக்கும் மேலே. அதே வெளிச்சம், ஆனால் இரவு இன்னும் குளிர். அதனால் செடி அவசரப்படாது. மொட்டு பல வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு பருக்கும், தண்டு ஒரு மீட்டர் வரைகூட நீளும். நைவாஷா ரோஜா அதைவிடக் குட்டை, தலையும் சிறிது, ஆனால் சீக்கிரம் கைக்கு வரும். கென்யாவிலேயே கென்யா மலையின் சரிவில் ஏறித் திமாவ் என்ற ஊர்ப் பக்கம் போனால் பூ பெரிதாகிவிடும்.

நம் ஓசூரிலும் காதலர் தினத்துக்கு ரோஜா கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர், பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரிக்கும் மேல். வெயில் காலத்தில் அங்கே மொட்டு சிறுத்துச் சீக்கிரம் விரிந்துவிடும் என்று விவசாயிகள் கவலைப்படுவார்கள். அவள் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்லஸில் ஓசூரைத் தேடி, அதன் பக்கத்தில் பென்சிலால் உயரத்தைக் குறித்து வைத்துக்கொண்டாள்.